கதை மாறிய ஓடமும் மனோராவின் கல்லும்

அதிராம்பட்டினத்து உப்பளங்களை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே இராஜாமடம், மல்லிப்பட்டினம் ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர், கடலோரத்தில் ஆறு பட்டைகளும் எட்டு நிலைகளும் கொண்ட கோபுரம் ஒன்றைக் காண்பர். மனோரா என்பது அதன் பெயர். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15ஆம் ஆண்டுகளில் இதனை எழுப்பினார். வெற்றி அவருடையதன்று. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியாரிடம் ஒப்புவித்துவிட்டுத் தஞ்சைக் கோட்டையளவில் அரசராக இருந்தவர் அவர். தம் நாட்டைப் பெற்றுக்கொண்டவர்களின் வெற்றியைத் தாமே கொண்டாடிக் கல்லில் பொறித்துவைத்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதிச் சபையொன்றின் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளோடு அங்குச் சென்றிருந்தேன். கோபுரத்தின் வரலாற்றைக் கேட்டறிந்த சிறுவன் ஒருவன் உபதேசியாரிடம், “வெள்ளைக்காரன் ஜெயிச்சதுக்கு நம்ம ராஜா எதுக்கு ஐயா கோபுரம் கட்டினாரு?” என்றான். “அதெல்லாம் பழைய கதை, தம்பி. வா, எல்லாரும் கடற்கரைக்குப் போறாங்க” என்றார் உபதேசியார். நல்ல மனிதர், பிள்ளைகளிடம் அன்புள்ளவர். எனினும் கேள்வி கேள்வியாகவே நின்றுவிட்டது.

விடையின்றி நின்ற அக்கேள்வியே, அமெரிக்க நாட்டுக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் விளையாட்டுப் பயணத்தைப் பற்றி எழுந்த வழக்கினை ஆராயுமாறு என்னைத் தூண்டிற்று. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் இறையியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இருக்கலாம். ஒரு சமுதாயம் தன் குற்றமுள்ள கடந்த காலத்தை எவ்வாறு கையாளுகிறது என்பதே அவ்வழக்கின் உட்பொருள். திருச்சபைக்கும் அத்தகைய கடந்த காலம் உண்டாதலின் இது நமக்குப் புறம்பானதன்று.

1. ஓடத்தின் கதை

கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்து பூங்காவில் 1989ஆம் ஆண்டு ‘ஸ்பிளாஷ் மௌன்டன்’ என்னும் நீர்ப்பயணம் தொடங்கப்பெற்றது. 1992ஆம் ஆண்டில் ஃபுளோரிடாவிலும் டோக்கியோவிலும் அதே பயணம் அமைக்கப்பட்டது. குடைந்த மரம் போன்ற ஓடத்தில் ஏறினோர், பாடியாடும் இயந்திரப் பொம்மைகளுக்கு இடையே மெல்ல மிதந்து சென்று, முடிவில் ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து நீரில் சறுக்கி விழுவர். அதில் கண்ட கதை, நரியிடமும் கரடியிடமும் அகப்பட்டுத் தன் அறிவினால் தப்பும் ஒரு முயலின் கதை.

முயல் சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய பஞ்சதந்திரக் கதையை அறிந்த நமக்கு இம்முயல் அயலானன்று. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிடப்பட்டுக் கொண்டுவரப்பட்ட மக்கள் தம்மோடு கொண்டுவந்த முயல் அது. பஞ்சுத் தோட்டங்களில் உழைத்த அடிமைகள் அதனை ‘முயல் அண்ணன்’ என்று அழைத்தனர். உடல்வலியில் சிறியது, கோரைப்பற்களில்லாதது, எந்நேரமும் வேட்டையாடப்படுவது; ஆயினும் வெல்வது. எசமானன் செவியில் விழுந்தாலும் அது விலங்குக் கதைதான். சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் மட்டுமே முயல் யார், நரி யார் என்பது தெரியும். கறுப்பர் இறையியலறிஞர் ஜேம்ஸ் கோன், அடிமைகளின் ஆன்மீகப் பாடல்களில் விடுதலை வேட்கை மறைந்து கிடப்பதை 1972ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். நம்மிடையே அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை வழிபாட்டிற்குள் கொணர்ந்ததும், எளியோரின் பாட்டில் எளியோரின் இறையியல் உண்டு என்னும் நம்பிக்கையினாலேயே. முயல் அண்ணனின் கதைகளையும் இவ்வரிசையில் வைத்தே நோக்கவேண்டும்.

2. கதை மாறிய கைகள்

இக்கதைகளை எழுத்தில் கொணர்ந்தவர் ஜார்ஜியா நாட்டு வெள்ளையரான பத்திரிகையாளர் ஜோயல் சான்ட்லர் ஹாரிஸ். இளமையில் தோட்டமொன்றின் அச்சுக்கூடத்தில் வேலை செய்தபோது அடிமைகள் சொல்லக் கேட்டவற்றை அவர் 1880ஆம் ஆண்டின் இறுதியில் நூலாக வெளியிட்டார். அழிந்துபோகக்கூடியவற்றைக் காத்த நன்றி அவருக்குரியது. ஆனால் அக்கதைகளைச் சொல்லுபவனாக ‘ரீமஸ் மாமா’ என்னும் முதியவரை அவர் படைத்தார். தோட்டத்து வெள்ளைச் சிறுவனுக்குக் கதை சொல்லுகிறவர் அவர். பழைய நாட்களை அன்போடு நினைந்து சிரிப்பவர். இவ்வாறு எசமானனுக்கு எதிராகப் பிறந்த கதை, எசமானன் வீட்டுத் திண்ணையில் அவன் பிள்ளையை மகிழ்விக்கும் கதையாயிற்று. முயல் மாறவில்லை, முயலைச் சுற்றியிருந்த சட்டம் மாறிற்று.

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1946ஆம் ஆண்டில் ‘சாங் ஆஃப் த சௌத்’ என்னும் திரைப்படமாக இதனை வெளியிட்டது. ரீமஸ் மாமாவாக நடித்தவர் ஜேம்ஸ் பாஸ்கெட் என்னும் கறுப்பினக் கலைஞர். அட்லாண்டா நகரில் முதற்காட்சி நடைபெற்றபோது அங்கு நிலவிய நிறப்பிரிவினையால் அவர் அதில் கலந்துகொள்ள இயலவில்லை. 1948ஆம் ஆண்டில் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் பரிசு வழங்கப்பட்டது. திரையில் சிரிக்கலாம், அரங்கில் அமரலாகாது! இதைவிடத் தெளிவாக அப்படத்தின் பொய்யை எவரும் விளக்கமுடியாது. கறுப்பினத்தார் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் வால்டர் வைட், படத்தின் கலைத்திறனை ஒப்புக்கொண்டபோதே, எசமானனும் அடிமையும் இன்புற்று வாழ்ந்ததாகக் காட்டும் தவற்றினைக் கண்டித்தார். 1986ஆம் ஆண்டிற்குப்பின் அமெரிக்கத் திரையரங்குகளில் நிறுவனம் அதனை வெளியிடவில்லை.

ஆயினும் மூன்றே ஆண்டுகளுக்குப்பின் 1989இல் அப்படத்தின் முயலும் பாடலும் நீர்ப்பயணமாக மீண்டும் வந்தன. இம்முறை ரீமஸ் மாமா இல்லை. முயலைப் பிடிக்கக் கதையில் வரும் தார்ப்பொம்மையும் இல்லை. அதற்கு ஈடாகத் தேனடை வைக்கப்பட்டது. எனவே, கதையை மாற்றும் வேலை அண்மையில் தொடங்கியதன்று. பயணம் பிறந்த நாளிலேயே ஒரு மறைப்பு நிகழ்ந்துவிட்டது. கண்ணுக்கு உறுத்துவன நீக்கப்பட்டன. உறுத்தாத ஒன்றோ அப்படியே நின்றது. அதுவே கதையின் படிப்பினை. வீட்டை விட்டுப் புறப்பட்ட முயல் துன்பப்பட்டு, வீடே நல்லது என்று கண்டு மகிழ்ந்து திரும்புகிறது. பிள்ளைகளுக்கு நல்ல அறிவுரைதானே என்று தோன்றும். ஆனால் இது யாருடைய கதை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உயிரைப் பணயம் வைத்து வடக்கு நோக்கி ஓடிய மக்களின் முயலிடம் ‘ஓடாதே, இருந்த இடமே இன்பம்’ என்று சொல்லவைப்பது எசமானனின் போதனையன்றோ? ரீமஸ் மாமா மறைந்தார். அவர் வாயில் வைக்கப்பட்ட பாடம் மறையவில்லை.

3. வழக்கும் தீர்ப்பும்

2020ஆம் ஆண்டு மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் மினியாபோலிஸ் நகரில் காவலரின் முழங்காலின்கீழ் உயிரிழந்தார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் நடுவே இப்பயணத்தின் கதையை மாற்றவேண்டுமென்ற விண்ணப்பம் பரவிற்று. ஜூன் 25ஆம் நாளில் நிறுவனம் தன் முடிவை வெளியிட்டது. அதற்கான வேலை முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிட்டதாகவும் கூறிற்று. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபுளோரிடாவிலும், மே மாத இறுதியில் கலிபோர்னியாவிலும் பழைய பயணம் நிறுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஜூனிலும் நவம்பரிலும் அவ்விரு இடங்களிலும் ‘டியானாஸ் பாயூ அட்வென்ச்சர்’ என்னும் புதிய பெயரோடு ஓடங்கள் மிதந்தன. டோக்கியோவில் அந்த ஆண்டிலும் பழைய கதையே ஓடிற்று.

மாற்றத்தை எதிர்த்தோரின் வாதங்களை எளிதில் தள்ளிவிடலாகாது. ‘நாங்கள் கண்டது முயலையும் பாட்டையுமே, அடிமைத்தனத்தைக் கண்டதில்லை. பெற்றோரோடு சென்ற நாளின் நினைவை ஏன் பறிக்கிறீர்கள்?’ என்பது அவர்கள் வாதம். அந்நினைவு பொய்யன்று. சபையில் பாட்டனார் அமர்ந்த இருக்கையை இடம் மாற்றுவதற்கே எவ்வளவு வருத்தம் எழும் என்பதைப் போதகர் அறிவர். பழைய பயணம் நின்றபோது அதன் நீரைச் சாடிகளில் அடைத்து விற்பனைக்கு வைத்தோரும் உண்டு. நினைவு எவ்வளவு விரைவில் திருப்பொருளாகிவிடுகிறது பாருங்கள்! ஆனால் ஒருவரின் இனிய நினைவு, மற்றொருவரின் பாட்டனாரைச் சிரிக்கும் ஊழியனாக்கிய கதையின்மேல் கட்டப்பட்டதென்று தெரிந்தபின், ‘எனக்குத் தெரியாது’ என்னும் விடை போதாது. ஆகவே மாற்றம் வேண்டுவதே என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஐயம் எழுவது, எதை வைத்து மாற்றினார்கள் என்பதில்.

4. எதிரி இல்லாத கதை

2009ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றின் தலைவி டியானா. டிஸ்னி படங்களில் இளவரசியாக வந்த முதற் கறுப்பினப் பெண். 1920களின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உணவகம் நடத்தவேண்டுமென்று உழைப்பவள். புதிய பயணத்தில் அவள், தொழிலாளரே உரிமையாளராயுள்ள கூட்டுறவு நிறுவனமொன்றை உப்புக் குன்றின்மேல் நடத்துகிறாள். விழாவிற்கு இசைக் கலைஞர் குறைவுபடுகின்றனர். ஓடத்திலேறியோர் அவர்களைத் தேடிச் சதுப்பு நிலத்தில் செல்லுகின்றனர். தேடிய இசைக்குழுவாகத் தவளையும் நீர்நாயும் போன்ற உயிர்கள் கிடைக்கின்றன. முடிவில் எல்லாரும் பாடி மகிழ்கின்றனர்.

இது அழகிய காட்சி என்பதை மறுப்பதற்கில்லை. கறுப்பினச் சிறுமியொருத்தி தன்னைப் போன்றவளைத் தலைவியாகக் காண்பது சிறிய நன்மையன்று. ஊழியனாகச் சிரித்த ரீமஸ் மாமாவின் இடத்தில் தன் தொழிலை நடத்தும் பெண் நிற்கிறாள் என்பது உண்மையான முன்னேற்றமே. ஆயினும் கதையைத் திறனாய்வோர் ஒன்றைக் காணவேண்டும். இதில் எதிரி இல்லை. நரியும் கரடியும் போய்விட்டன. அவற்றோடு முயலும் போய்விட்டது. எளியவன் வலியவனை வெல்லும் கதையின் இடத்தில், யாரையும் வெல்லவேண்டிய தேவையே இல்லாத கதை வந்திருக்கிறது. 1920களின் நியூ ஆர்லியன்ஸோ அவ்வாறிருக்கவில்லை. இரயில்வண்டியில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி என்னும் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896ஆம் ஆண்டில் தீர்த்தது, அந்நகரில் தொடங்கிய வழக்கிலேயே. அந்நிழல் புதிய ஓடத்தின் பாதையில் எங்கும் விழவில்லை.

இன்னும் ஒன்று. டியானாவைப் படைத்தோருக்குத் தூண்டுதலாயிருந்தவர் நியூ ஆர்லியன்ஸ் நகரின் லேயா சேஸ் (1923–2019) என்னும் சமையற்கலைஞர். அவர் குடும்பத்தின் உணவகத்தில் 1960களில் கறுப்பரும் வெள்ளையருமான குடியுரிமைப் போராளிகள் கூடினர். ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். அடுத்த நாளின் போராட்டத்தைத் திட்டமிட்டனர். சேர்ந்து உண்பதே சட்டத்திற்கு மாறாயிருந்த காலம் அது! திருவிருந்தின் பொருளை விளக்க விரும்பும் போதகருக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? கையருகே கிடந்த இக்கதையைப் பயணம் சொல்லவில்லை. உணவகம் உண்டு, மேசையின் விலை இல்லை. அதிராம்பட்டினத்துப் பாத்திகளில் வெயிலில் கால் வெடிக்க உப்பு வாருவோரை அறிந்த நமக்கு, உழைப்பின் தடம் தெரியாத உப்புக் குன்றும் சற்று வியப்பாகவே தோன்றும்.

இதனால் விளைந்த இழப்பு இரட்டையானது. எசமானன் இட்ட சட்டத்தை எறிந்தபோது, அடிமைகளின் படமும் அதனோடு சேர்த்து எறியப்பட்டது. முயல் அண்ணன் ஹாரிஸுக்கும் உரியவனல்லன், டிஸ்னிக்கும் உரியவனல்லன். அவனைப் படைத்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு உரியவன். அவர்களிடம் அவன் திருப்பி ஒப்படைக்கப்படவில்லை; அகற்றப்பட்டான். பூங்காவில் இன்று ஓடமேறும் பிள்ளைக்கு முன்பு அங்கு என்ன இருந்தது என்பதும் தெரியாது, அது ஏன் அகற்றப்பட்டது என்பதும் தெரியாது.

5. உடைத்தலும் உரைத்தலும்

வேதாகமம் இதற்கு ஒளி தருகிறதா? எசேக்கியா அரசன் மோசே உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பத்தை உடைத்த நிகழ்ச்சியை (2 இராஜாக்கள் 18:4) நாம் நன்கறிவோம். தொடக்கத்தில் உயிர்காக்கத் தரப்பட்ட பொருள் அது. காலப்போக்கில் மக்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கினர். எசேக்கியா அதன் பழம்பெருமையை எண்ணித் தயங்கவில்லை. இதுமட்டில் மாற்றத்தை விரும்புவோர் எசேக்கியாவைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வசனம் செய்யும் மற்றொரு செயலையும் காணவேண்டும். அதை உண்டாக்கியவர் யார், மக்கள் அதற்கு என்ன செய்தனர், அரசன் அதற்கு இட்ட பெயர் என்ன ஆகிய அனைத்தும் அங்கே எழுதப்பட்டுள்ளன. உண்டாக்கியவர் மோசே என்னும் சங்கடமான செய்தியும் மறைக்கப்படவில்லை. பொருள் உடைபட்டது, கதை காக்கப்பட்டது. உடைத்தலும் உரைத்தலும் ஒன்றாக நிகழ்ந்தன.

யோர்தானின் நடுவிலிருந்து எடுத்து வைக்கப்பட்ட பன்னிரண்டு கற்களும் (யோசுவா 4) இதையே கற்பிக்கின்றன. கல் தானாகப் பேசாது. பிள்ளை கேட்கவேண்டும், மூத்தோர் விடையிறுக்கவேண்டும். பிள்ளை கேட்கும் என்பதை எதிர்பார்த்தே கல் வைக்கப்படுகிறது. ஆகவே மனந்திரும்புதலுக்கும் மறைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வாறு அளந்தறியலாம்: பழையது அகற்றப்பட்டதா என்பதை மட்டும் கேளாமல், அது ஏன் அகற்றப்பட்டது என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறதா, அதனால் காயமுற்றோருக்கு உரியது திரும்பக் கிடைத்ததா என்றும் கேட்கவேண்டும். சகேயு தன் வீட்டை அலங்கரித்து விருந்து வைத்ததோடு நின்றானல்லன். அநியாயமாய் வாங்கியதை இன்னதென்று சொல்லித் திரும்பக் கொடுத்தான்.

வணிக நிறுவனமொன்றிடம் இத்தகைய பாவ அறிக்கையை எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். கேளிக்கைப் பூங்கா நீதிமன்றமன்று. பிள்ளைகள் பாடங்கேட்க அங்குச் செல்வதில்லை. இது நியாயமான மறுப்பே. ஓடத்தில் போகும் சிறுவனுக்கு அடிமை வணிக வரலாற்றை ஓதவேண்டுமென்று நான் சொல்லவில்லை. கரையில் ஒரு பலகை போதும். அல்லது, முயலை அதன் பழைய முதலாளியின் கைகளிலிருந்து விடுவித்து, அதனைப் படைத்தோரின் குரலில் பேசவைத்திருக்கலாம். மகிழ்ச்சியும் உண்மையும் ஒரே ஓடத்தில் ஏறமாட்டா என்பதுதான் நிறுவனத்தின் நம்பிக்கையாகத் தோன்றுகிறது. அடிமைகளோ இரண்டையும் சேர்த்தே ஏற்றியிருந்தனர்.

6. நம் கரையில்

பிறர் ஓடத்தைத் திறனாய்ந்த நாம் நம் கரைக்குத் திரும்புவோம். மனோராவைக் கட்டிய சரபோஜி, மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் அன்பிற்குரிய மாணவர். 1798ஆம் ஆண்டில் காலஞ்சென்ற ஐயரின் மரணப்படுக்கையருகே மன்னர் நிற்பதைக் காட்டும், ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் உள்ளது. அன்பு மெய்யானது. ஆனால் அதே காலத்தில், தரங்கம்பாடி மிஷன் நாட்கள் தொட்டு, நம் ஆலயங்களில் மக்கள் சாதி சாதியாக வேறுவேறு இடங்களில் அமர்ந்தனர். 1833ஆம் ஆண்டில் பேராயர் டேனியல் வில்சன் இதனை முற்றிலும் விட்டொழிக்குமாறு ஆணையிட்டபோது தஞ்சைச் சபையில் பெரும் பிளவு நேர்ந்தது. நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரே, சாதி வழக்கத்தை நீக்க முனைந்த மிஷனெரிகளை எதிர்த்து எழுதினார்.

இன்று ஆலயத்துள் எவரும் எங்கும் அமரலாம். இருக்கைகள் மாறிவிட்டன. ஆனால் யார் எங்கே உட்கார வைக்கப்பட்டனர், யார் எதிர்த்தனர், யார் வெளியேறினர் என்பதைத் திடப்படுத்தல் வகுப்பில் சொல்லுகிறோமா? சபையின் நூற்றாண்டு மலர்களில் எழுதுகிறோமா? சாஸ்திரியாரின் பாடல்களை விட்டுவிடவேண்டும் என்பதன்று என் கருத்து. முயலை எறிவது பிழை என்று மேலே சொன்ன நான் அதை இங்குச் சொல்லவியலாது. பாடுவோம், பாடுகையில் பாடியவரின் குறையையும் அறிந்து பாடுவோம். சொல்லாமல் மாற்றிய இருக்கையினால் ஒரு தீமை உண்டு: அது மாறியதற்கு விலை கொடுத்தோர் மறக்கப்படுகின்றனர், மாறாதது எது என்று கேட்கும் வாயும் அடைபடுகிறது. கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் அது மாறியதா என்பதைப் போதகர் ஒவ்வொருவரும் தம் சபையில் அறிவர்.

மனோராவும் புதிய கதையொன்றைப் பெற்றுவருகிறது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மனோராவில் அதற்கெனப் பன்னாட்டு மையம் அமைக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. மீனவர் ஆவுளியா என்றழைக்கும் அச்சாதுவான உயிர், போனபார்ட்டின் வீழ்ச்சியைவிட நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானதே. இம்மாற்றத்தை மகிழ்ந்து வரவேற்கலாம். ஆனால் கல்லை மறந்துவிடலாகாது.

அச்சிறுவன் மீண்டும் கேட்டால் அவனுக்கு இவ்வாறு விடை சொல்ல விரும்புகிறேன்: ‘தம்பி, நாட்டை இழந்த அரசர் ஒருவர், அதை எடுத்துக்கொண்டவர்களோடு நட்பாயிருக்கவேண்டிய நிலையில் இதைக் கட்டினார். அவர் நூல்களைக் காத்தவர், கல்வியை வளர்த்தவர். ஆயினும் இங்கே அவர் பிறர் வெற்றிக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுவதும் மனத்திலிருந்து வந்ததா என்பதைக் கல் சொல்லாது. நாம்தான் எண்ணிப்பார்க்கவேண்டும்.’ இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதன்பின் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகலாம்.